ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. பார்த்தால் ஏதோ ஒரு எண்போலத்தான் இருக்கும், ஆனால் இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படிப்பட்டவற்றை உயர் பகு எண்கள் என்பார்கள். 12 ஓர் உயர் பகு எண், ஏனென்றால் அதற்கு 6 காரணிகள், அதற்குக் கீழே உள்ள எதற்கும் 6 இல்லை.

1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜன் இவற்றைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதிலுள்ள பட்டியல் 6746328388800 வரை போகிறது. கணினி இல்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு. அந்தப் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய, ஆனால் விட்டுப்போன எண்தான் மேலே இருப்பது.

சரி, காரணிகளை எப்படி எண்ணுவது? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் ஆயுள் போதாது. பகா எண்களாகப் பிரித்துவிட்டால் போதும்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

இதன் ஒரு காரணியில் 2 ஒருமுறைகூட வராமல் இருக்கலாம், ஒருமுறை வரலாம், அப்படியே ஆறு முறை வரை வரலாம், ஆக 7 வழிகள். 3-க்கு 5 வழி, 5-க்கும் 7-க்கும் மும்மூன்று, மீதி நான்குக்கும் இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 5040.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என்று இறங்கிக்கொண்டே வருவது தற்செயல் இல்லை. 18 = 2 × 3², 12 = 2² × 3. இரண்டுக்குமே 6 காரணிகள்தான், ஆனால் பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணிடம் கொடுத்தால் எண் சிறியதாகிவிடுகிறது. அதனால் 18 பட்டியலில் சேராது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும் ராமானுஜன் நிறுவினார். விதிவிலக்கு 4, 36 இரண்டு மட்டும்.

இதெல்லாம் வடிகட்டத்தான் உதவும். உண்மையான இழுபறி வேறு இடத்தில். பட்டியலில் நம் எண்ணுக்கு முன்னால் வருவது 240940299600, பின்னால் வருவது 321253732800. இரண்டின் பகாக் காரணிகளிலும் 23 உண்டு, நடுவிலே நிற்கும் நம்மவரிடம் இல்லை. பின்னால் வரும் எண்ணுக்கு 5376 காரணிகள். அதிலிருந்து 23-ஐ எடுத்தால் காரணிகள் பாதியாகி 2688. இப்போது கூடுதலாக ஒரு 3 சேர்த்தால் 3360, ஒரு 7-ம் சேர்த்தால் 5040. எண்ணோ 23-ஆல் வகுபட்டு 21-ஆல் பெருகுவதால் கொஞ்சம் சிறுத்துப்போகிறது. முன்னால் நிற்கும் எண்ணுக்கு 4800 காரணிகள்தான், அதனால் நம் எண்ணுக்கு இடம் உறுதி. அக்கம்பக்கத்தில் எல்லாம் 23 இருக்கும்போது 19-லேயே நின்றுவிடும் எண் கண்ணில் படாமல் போனதில் வியப்பில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது, ஆனால் இது என் ஊகம்தான்.

இலக்கங்களைக் கூட்டினால் 45, அந்த 45-ஆலும் இது மீதியின்றி வகுபடும். இந்தியக் கணித ஆர்வலர் கப்ரேக்கர் இப்படிப்பட்டவற்றுக்கு ஹர்ஷத் எண் என்று பெயர் வைத்தார். இது ஒரு வேடிக்கைக் குணம், அவ்வளவுதான்.

அதைவிடச் சுவையானது ஒன்று உண்டு. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 6746328388800. ராமானுஜன் பட்டியலின் கடைசி எண். பழைய காரணி ஒவ்வொன்றோடும் 23-ஐப் பெருக்கிய புதிய காரணி ஒன்று சேர்வதால், அதற்குக் காரணிகள் சரியாக இரட்டிப்பு, 10080.