விவாகரத்துத் தீர்ப்பில் கையெழுத்துப் போடும் முன் விசாவையும் பாருங்கள்

போன வருடம் அமெரிக்காவில் ஒரு பெண் சட்ட ஆலோசனைக்காக என்னைப் பார்க்க வந்தார். கையில் விவாகரத்துத் தீர்ப்பு. நீதிபதி கையெழுத்திட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. "எல்லாம் சுமுகமா முடிஞ்சிடுச்சு மேடம். இப்போ என் எச்-4ஐ ஸ்டூடண்ட் விசாவா மாத்தணும்" என்றார். மாற்றுவதற்கு எச்-4 இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு மனமே வரவில்லை. தீர்ப்பு வந்த அன்றே அது முடிந்துவிட்டது.

அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று தேதி போட்டிருக்கும் ஐ-94 பதிவை அவர் எடுத்துக் காட்டினார். அதில் இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி இருந்தது. அந்தத் தேதியை நம்பித்தான் நிம்மதியாக இருந்திருக்கிறார். ஆனால் எச்-4 என்பது எச்-1பி என்ற தற்காலிக வேலை விசா வைத்திருப்பவரின் கணவர் அல்லது மனைவி என்ற உறவில் மட்டுமே நிற்கிறது. உறவு சட்டப்படி முடிந்ததும், காகிதத்தில் எந்தத் தேதி இருந்தாலும் அது செல்லாது. எச்-4 வழியாக வாங்கிய வேலை அனுமதியும் அதோடு போய்விடும்.

"60 நாள் டைம் உண்டே?" என்று பலரும் கேட்கிறார்கள். அந்த 60 நாள் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி. எச்-1பி வைத்திருப்பவருக்கு வேலை போனால் அவருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் கிடைக்கும் அவகாசம் அது. விவாகரத்துக்கு அது பொருந்தாது.

எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், அந்தப் பெண்ணின் விவாகரத்தை நடத்திய குடும்ப வழக்கறிஞர் நல்ல திறமைசாலி. வீடு, சேமிப்பு, குழந்தை யாரிடம் இருப்பது என்று எல்லாவற்றையும் கவனமாக எழுதியிருந்தார். விசா அவர் துறை இல்லை, அதனால் கேட்கவில்லை. அமெரிக்காவில் விவாகரத்து மாநிலச் சட்டம், குடியேற்றம் மத்தியச் சட்டம். ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்காது.

தீர்ப்புக்கு முன்பே வந்திருந்தால் வழிகள் இருந்தன. எச்-4 உயிரோடு இருக்கும்போதே மாணவர் நிலைக்கு மாற ஐ-539 மனு போட்டிருக்கலாம். வேலை கொடுக்க நிறுவனம் இருந்தால் சொந்தமாக எச்-1பிக்கு முயன்றிருக்கலாம். எச்-4இல் இருந்த வருடங்கள், எச்-1பியில் இருக்கக்கூடிய 6 வருட வரம்பில் சேர்க்கப்படுவதில்லை. இது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. ஆனால் வருடாந்தர ஒதுக்கீட்டில் வரும் எச்-1பி என்றால் பதிவு மார்ச்சில், வேலை தொடங்குவது அக்டோபர் 1இல். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் நேரம் வேண்டும். கலிபோர்னியாவில் விவாகரத்து முடியக் குறைந்தது 6 மாதம் ஆகும். டெக்சாஸில் மனு போட்ட 60 நாளிலேயே முடிந்துவிடலாம். நீங்கள் இருக்கும் மாநிலத்தில் எவ்வளவு நாள் என்று முதல் நாளே கேளுங்கள்.

கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடினம். கணவரின் வேலை வழியாக ஐ-485 என்ற கிரீன் கார்டு மனு போட்டுப் பல வருடம் காத்திருந்தாலும், அது அனுமதிக்கப்படும் முன் விவாகரத்து ஆனால் மனைவியின் மனு விழுந்துவிடும். அனுமதி கிடைத்து மறுநாள் விவாகரத்து ஆனால் கார்டு பொதுவாக அவருடையதே. திருமணம் உண்மையானதாக இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. "உன் விசாவை கேன்சல் பண்ணிடுவேன்" என்ற மிரட்டலை மாதாமாதம் கேட்கிறேன். ஒரு போன் போட்டு மனைவியின் எச்-4ஐ ரத்து செய்யும் அதிகாரம் எந்தக் கணவருக்கும் இல்லை. அடி, வதை இருக்கும் வீட்டில் விசா தேதிகளைப் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம். வன்முறைக்கு ஆளான எச்-4 துணைவர்கள் தனியாக வேலை அனுமதி கேட்க ஐ-765வி என்ற படிவம் இருக்கிறது. துணைவர் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருந்தால் அவர் தயவில்லாமலே கிரீன் கார்டுக்குச் சொந்தமாக மனு போடலாம். கொடுமையால் விவாகரத்து ஆகியிருந்தாலும் 2 வருடத்துக்குள் போட முடியும்.

சரி, பராமரிப்புத் தொகைக்கு வருகிறேன். வேலை போன எச்-1பிக்காரர் ஒருவர் குழந்தைக்கான தொகையைக் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். சம்பளமே இல்லாதபோது உத்தரவும் தானாக நின்றுவிடும் என்று நினைத்திருந்தார். நிற்காது. 1986ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தத்தின்படி, சேர்ந்துவிட்ட பாக்கியை நீதிபதியே நினைத்தாலும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. குறைக்கச் சொல்லி நீங்கள் மனு போட்டு, எதிர்த்தரப்புக்குத் தகவல் போன நாளிலிருந்துதான் குறையும். அதனால் வேலை போன வாரமே மனு போடுங்கள். 60 நாளில் புது வேலை தேடும் பதற்றத்தில் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஊருக்குத் திரும்பிவிட்டாலும் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கும். பின்னாளில் குடியுரிமை கேட்கும்போது, வேண்டுமென்றே குழந்தைக்குப் பணம் தராமல் இருந்தது நன்னடத்தைக் குறையாக எதிரில் வந்து நிற்கும். குடிமகனாகிவிட்டவருக்கும் பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் மறுக்கப்படும்.

அப்புறம் ஐ-864. துணைவருக்குக் குடும்ப வழியில் கிரீன் கார்டு வாங்க ஸ்பான்சர் போடும் கையெழுத்து இது. வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 சதவீதம் அளவுக்கு அவரைத் தாங்குவேன் என்று அரசுக்குக் கொடுக்கும் வாக்கு. விவாகரத்து இதை முடிக்காது. அந்தத் துணைவர் குடிமகனாகும் வரை, அல்லது அவர் கணக்கில் 40 காலாண்டு (சுமார் 10 வருடம்) வேலை சேரும் வரை, அல்லது அவர் நிரந்தரவாசி உரிமையை விட்டு நாட்டைவிட்டுப் போகும் வரை அது தொடரும். மரணமும் முடிக்கும். ஜீவனாம்சமே வேண்டாம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதியிருந்த ஒரு வழக்கிலும், ஐ-864 பொறுப்பு அப்படியே நிற்கிறது என்று 2016இல் மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் சுற்று (நைந்த் சர்க்யூட்) மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கையெழுத்துப் போடுபவரும், கைவிடப்பட்டு வருமானமின்றி நிற்பவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதல் சந்திப்புக்கு வரும்போது ஐ-94, விசா மனுவுக்குக் குடியேற்றத் துறை அனுப்பிய ஐ-797 அறிவிப்பு, இருவரின் பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ், முன்பு போட்ட ஐ-864 இருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். உங்கள் குடும்ப வழக்கறிஞரும் குடியேற்ற வழக்கறிஞரும் இறுதித் தீர்ப்புக்கு முன் ஒரு அரைமணி நேரமாவது போனில் பேசிக்கொள்ளட்டும். பணம், குழந்தை விஷயங்களை இப்போதே பேசி முடித்துவிட்டு, இறுதித் தீர்ப்பை மட்டும் சில மாதம் தள்ளிப் பெற முடியுமா என்று அந்த அழைப்பில் கேட்கச் சொல்லுங்கள்.