பொடுதலை விரிக்கும் பாய்

வாய்க்கால் கரையில் பொடுதலையைப் பிடுங்கியவர்களுக்குத் தெரியும்: கொடியை இழுத்தால் விரற்கடைக்கு ஒரு வேர் 'பட் பட்'டென்று மண்ணைவிட்டு விடுபடும். பாதியில் கொடி அறுந்து, மிச்சம் மண்ணிலேயே தங்கிவிடும். பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சப் பறிப்பதோடு இதை மறந்துவிடுகிறோம். தோட்டத்தில் வெயில் படும் வெறும் தரையை மூட, என் கணக்கில் இதற்கு இணையான பூச்செடி இல்லை.

சூட்சுமம் கணுவில் இருக்கிறது. தரையோடு ஓடும் கொடியின் கணு ஈரமண்ணைத் தொட்டதும் வேர்விடுகிறது. அங்கேயே இலைக்கக்கத்திலிருந்து பக்கக்கிளையும் கிளம்புகிறது. இரண்டும் வந்துவிட்டால் அந்தக் கணு தனிச்செடிதான். தாய்க்கொடி அறுந்தாலும் பிழைத்துக்கொள்ளும். தளிர்க்கும் மொட்டுகள் மண்ணை ஒட்டியே இருப்பதால் மேலாக வெட்டினாலும், கொஞ்சம் மிதித்தாலும் மறுபடி துளிர்க்கும்.

இந்தப் பாய் களையை அடக்கும் விதம்தான் அருமை. சிறிய களைவிதைகள் பலவற்றுக்கு முளைக்க ஒளி வேண்டும். இலைகளைக் கடந்து வரும் வெயிலில் சிவப்பு ஒளியைப் பச்சையம் உறிஞ்சிவிடும். சிவப்புக்கும் அப்பால் உள்ள, நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத தூரச்சிவப்பு ஒளிதான் அதிகம் கீழே இறங்கும். விதைக்குள் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி இந்த மாற்றத்தை உணர்கிறது. தலைக்குமேல் வேறு செடி நிற்கிறது என்று விதைக்குத் தெரிந்துவிடும், உறக்கம் கலையாது. ஆனால் கோரையிடம் இது பலிக்காது. கிழங்கில் சேர்த்த உணவை வைத்து அது இருட்டிலிருந்தே முட்டிக்கொண்டு வரும். நடுவதற்கு முன்பே கோரைக் கிழங்கைத் தோண்டி எடுத்துவிட வேண்டும்.

பூவைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். தீக்குச்சித் தலைபோல் கருஞ்சிவப்புக் கொண்டை. அதைச் சுற்றி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொடிப்பூக்கள், ஒரு வளையமாக. கீழிருந்து பூப்பதால், கொண்டை நீள நீள வளையமும் மேலேறும். தேனீ மொய்க்கும், வெறுங்காலோடு நடக்கவேண்டாம். மயில் வசீகரன் வண்ணத்துப்பூச்சியின் புழு இந்த இலையைத் தின்று வளர்கிறது. அதற்காகவே மருந்தடிக்காமல் விடலாம்.

மூன்று நான்கு கணுவுள்ள துண்டுகளை, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஒரு சாண் இடைவெளியில் ஊன்றி, வேர்பிடிக்கும்வரை ஈரம் காயாமல் பாருங்கள். பிறகு அது பாத்தியைத் தாண்டி ஓடப் பார்க்கும். ஓரத்தை மண்வெட்டியால் அவ்வப்போது நறுக்குங்கள். ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுச் சமவெளியில் இதன் நெருங்கிய உறவுச்செடி ஒன்று பெருங்களையாகிவிட்டது. வெள்ளம் அடித்துச் சென்ற துண்டுகள் ஒதுங்கிய இடத்திலெல்லாம் வேர்விட்டன. நறுக்கிய துண்டுகளை வாய்க்காலில் எறியாமல் வெயிலில் சருகாகும்வரை காயவையுங்கள்.