கடலற்ற நாடா, நிலம்சூழ் நாடா?

“எத்தியோப்பியா 1993இல் நிலத்தால் சூழப்பட்ட நாடாக மாறியது.” ஆப்பிரிக்காவைப் பற்றிய பொது அறிவுக் குறிப்புகளில் இப்படியொரு வாக்கியம் தப்பாமல் வந்துவிடுகிறது. எங்கிருந்தோ நிலம் படையெடுத்து வந்து அந்த நாட்டை முற்றுகையிட்டதுபோல் இருக்கிறது! அந்த ஆண்டு எரித்திரியா தனி நாடானது. அசாப், மசாவா துறைமுகங்கள் அதனோடு போயின. எத்தியோப்பியாவுக்குக் கடல் இல்லாமல் போயிற்று. 1996இல் கடற்படையும் கலைக்கப்பட்டது.

ஆங்கில மூலச் சொல் ‘லேண்ட்லாக்ட்’ (landlocked). நிலம், பூட்டு, அவ்வளவுதான். துறைமுகத்துக்குச் சொன்னால் அது பாராட்டு: சுற்றிலும் நிலம் காக்க, அலைக்கு அஞ்சாமல் கப்பல் நிற்கும் இடம். திருகோணமலையை ‘நிலம்சூழ் துறைமுகம்’ என்று தாராளமாக எழுதலாம். நாட்டுக்கும் அதையே ஒட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

‘நிலம்சூழ் நாடு’ செறிவான சொல், ‘சூழப்பட்ட’ என்ற செயப்பாட்டுவினைத் தொல்லையும் இல்லை என்பார்கள். சரி, காம்பியாவைப் பாருங்கள். மூன்று பக்கமும் செனகல். வரைபடத்தில் அதைவிட நிலம் சூழ்ந்த நாட்டைக் காண்பது அரிது. ஆனால் நான்காவது பக்கம் அட்லாண்டிக். தலைநகர் பஞ்சுலில் துறைமுகமே இருக்கிறது. ஆக, எவ்வளவு நிலம் சூழ்ந்திருக்கிறது என்பது கேள்வியே இல்லை. கடல் உண்டா, இல்லையா? சொல்லும் அதைத்தான் சொல்ல வேண்டும். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, 124ஆம் பிரிவில், இத்தகைய நாட்டைக் கடற்கரை இல்லாத நாடு என்றே வரையறுக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குத் தெளிவாக இருந்தது, மொழிபெயர்ப்பாளருக்கு ஏன் குழம்ப வேண்டும்? அகராதியில் சொல்லை இரண்டாகப் பிளந்து பார்க்கிறவர்கள் ஒரு முறை வரைபடத்தையும் விரிக்கலாம்.

‘கரையற்ற நாடு’ என்று சுருக்குவதும் ஆகாது. உகாண்டாவுக்கு விக்டோரியா ஏரியின் நீண்ட கரை இருக்கிறது. அதில் போர்ட் பெல் என்ற துறையும் இருக்கிறது. ஆனாலும் பெருங்கடல் சரக்குக்குக் கென்யாவின் மொம்பாசாவையே பெரிதும் நம்பியிருக்கிறது. இணையத்தைக் கொண்டுவரும் கடலடிக் கம்பிவடமும் அண்டை நாட்டுக் கரையில் ஏறி, தரைவழியாகத்தான் அங்கே வந்தாக வேண்டும்.

எனவே ‘கடலற்ற நாடு’. சட்ட ஆவணமானால் ‘கடற்கரையற்ற நாடு’. கஜகஸ்தானுக்குக் காஸ்பியன் ‘கடல்’ இருக்கிறதே என்று மடக்குவார்கள். பெருங்கடலோடு இயற்கையான தொடர்பில்லாத நீர்நிலை அது. கடல் என்பது பெயரில்தான். ஆப்பிரிக்காவின் 16 கடலற்ற நாடுகளில் ஒன்றுக்கும் இந்த வம்பு இல்லை.