கட்டட பிளானைக் காப்பியடித்தால் சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்க்கிடெக்டிடம் பணம் கொடுத்து வாங்கிய பிளான் நமக்கே சொந்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம், 1957 அப்படிச் சொல்லவில்லை. வரைந்தவரே முதல் உரிமையாளர். அவர் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்து வரைந்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை நிறுவனத்துக்கு. கட்டணம் கொடுத்தவருக்குப் பொதுவாகக் கிடைப்பது, பேசிய மனையில் பேசிய கட்டடத்தைக் கட்டிக்கொள்ளும் அனுமதிதான். அதே பிளானில் வேறொரு மனையில் இன்னொன்று கட்ட அது போதாது. உரிமையே வேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்தோடு வாங்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அதில் எழுதாவிட்டால் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும்.

வரைபடம், மாதிரி வடிவம், கலைத்தன்மையோ வடிவமைப்போ உள்ள கட்டடம் மூன்றுக்குமே பாதுகாப்பு உண்டு. வரைந்தவரின் ஆயுள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை.

சரி, எது காப்பி? சமையலறைக்குப் பக்கத்தில் சாப்பாட்டு அறை, நடுவில் கூடம் என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. கட்டும் முறைக்கும் பதிப்புரிமை கிடையாது என்று 13வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதனால் இரண்டு வீடுகள் ஒன்றுபோலத் தெரிவது மட்டும் போதாது. எதிர்த்தரப்பு அந்த வரைபடத்தைப் பார்க்க வாய்ப்பு இருந்ததா, எடுத்தது அதன் முக்கியப் பகுதியா என்று நீதிமன்றத்தில் பார்ப்பார்கள். இதில் சின்ன விஷயங்கள்தான் பெரிய சாட்சி. கோணலான மனைக்காகத் திருப்பி வைத்த படிக்கட்டு, சதுரமான மனையிலும் அதே கோணத்தில் நின்றால்? மூல வரைபடத்தில் தவறிப்போன ஓர் அளவு, புதிய வரைபடத்திலும் அப்படியே இருந்தால்? தற்செயல் என்று சொல்லித் தப்புவது கஷ்டம்.

அதிகம் பேர் அறியாதது 59வது பிரிவு. கட்டுமானம் தொடங்கிவிட்டால், அது காப்பி என்றாலும் நிறுத்தும்படியோ இடிக்கும்படியோ நீதிமன்றத்திடம் உத்தரவு வாங்க முடியாது. இழப்பீடு கேட்கலாம், அவ்வளவுதான். எழும்பிய கட்டடத்தை இடித்து யாருக்கும் லாபமில்லை என்பது புரிகிறது. ஆனாலும் உழைத்து வரைந்தவருக்கு இது கசப்பான பிரிவு. ஆகவே சந்தேகம் வந்தால் அஸ்திவாரம் தோண்டும் முன்பே நோட்டீஸ் அனுப்பி, தேவைப்பட்டால் தடை கேட்டு வழக்குப் போட வேண்டும். தேதியிட்ட வரைபடங்கள், அனுப்பிய மின்னஞ்சல்கள், கட்டண ரசீது எல்லாம் அப்போது கையில் இருக்கட்டும்.

கட்டடத்தைப் புகைப்படம் எடுப்பதும் படமாக வரைவதும் மீறல் ஆகாது. பதிப்புரிமை வைத்திருப்பவரின் அனுமதியோடு கட்டியது இடிந்தால், அதே பிளானில் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், உரிமையாளர் தன் கட்டடத்தையே இடிக்க நினைத்தால்? 1972இல் திறக்கப்பட்ட டெல்லியின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சி அரங்கம் 2017இல் இடிக்கப்பட்டபோது, அதை வடிவமைத்த ராஜ் ரேவல் நீதிமன்றம் போனார். படைப்பாளிக்கு உள்ள தார்மீக உரிமையை, அதாவது தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையைக் காட்டி, இடிப்பைக் குறை சொல்ல முடியாது என்று 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.