அக்டோபரில் காணாமல் போன பத்து நாள்

"இந்த மாதம், உலக வரலாற்றில்" என்று பள்ளியில் ஒரு சார்ட் செய்து வரச் சொல்லியிருந்தார்கள். என் மகளுக்கு வந்தது அக்டோபர். கொலம்பஸ் கரை கண்டது 12, முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்தது 4 என்று மளமளவென எழுதிக்கொண்டு வந்தவள், ரஷ்யப் புரட்சியில் பேனாவை நிறுத்திவிட்டாள். எங்கள் தெருமுனையில் நவம்பர் 7 காலையில் செங்கொடி ஏற்றி மிட்டாய் கொடுப்பார்கள். இவளும் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறாள்.

"அப்பா, பேரு அக்டோபர் புரட்சி. கொடி ஏத்துறது நவம்பர்ல. எதுப்பா சரி?"

இரண்டும் சரி. அதை விளக்க, சமையலறைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்தேன். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்கிய சாதாரண காலண்டர். நடுவே கட்டை எழுத்தில் ஆங்கிலத் தேதி, மேலே தமிழ் வருடமும் மாதமும் தேதியும், ஓரத்தில் பொடி எழுத்தில் இஸ்லாமிய மாதத் தேதி, கீழே நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம். கிழிப்பது ஒரே தாள்தான், அதில் மூன்று தேதி. நாளுக்கு என்று சொந்தமாக ஒரு தேதி கிடையாது, எந்தக் கணக்கில் எண்ணுகிறோமோ அந்தக் கணக்கின் எண் அதன் மேல் விழுகிறது. ரஷ்யாவில் நடந்ததும் இதுதான்.

பூமி சூரியனைச் சுற்றி ஒரு பருவ வட்டத்தை முடிக்க 365 நாள், 5 மணி, 48 நிமிடம், சுமார் 46 வினாடி ஆகிறது. காலண்டரின் தலைவலி முழுக்க அந்த மிச்சத்தில் இருக்கிறது. கால் நாளைக் கிழித்து ஒட்ட முடியாது. கி.மு. 45-ல் ஜூலியஸ் சீசர் கொண்டுவந்த கணக்கு, மிச்சத்தைச் சரியாக 6 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, நாலு வருடத்துக்கு ஒரு முறை பிப்ரவரியில் ஒரு நாளைச் சேர்த்தது. நல்ல கணக்குதான். ஆனால் வருடத்துக்கு 11 நிமிடம் 14 வினாடி கூடுதலாகப் போய்விட்டது. 11 நிமிடம் பெரிய விஷயமா என்று தோன்றும். 128 வருடம் சேர்ந்தால் ஒரு முழு நாள்.

இரவும் பகலும் சமமாக வரும் வசந்த நாள் மார்ச் 21 என்று கொண்டுதான் கிறிஸ்தவர்கள் ஈஸ்டரைக் கணக்கிட்டார்கள். கி.பி. 325-ல், கிறிஸ்தவ ஆயர்களின் நைசியா மாநாடு கூடிய காலத்தில், அது பொருந்தியது. 16-ஆம் நூற்றாண்டில் சூரியன் அந்த இடத்துக்கு மார்ச் 11 வாக்கிலேயே வந்து நின்றது. பத்து நாள் இடைவெளி. அலோய்சியஸ் லிலியஸ் என்ற இத்தாலிய மருத்துவர் வகுத்த திருத்தத்தை, கிறிஸ்டோபர் கிளாவியஸ் போன்ற கணித அறிஞர்கள் சரிபார்த்துக் கொடுக்க, போப் பதிமூன்றாம் கிரிகோரி 1582-ல் ஆணையிட்டார். இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து நாடுகளில் அக்டோபர் 4, வியாழக்கிழமை ராத்திரி படுத்தவர்கள் அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தார்கள். தேதி தாண்டியது, கிழமை தாண்டவில்லை. ஸ்பெயினில் ஆவிலா ஊர்ப் புனித தெரசா இறந்தது அந்த இரவில்தான். அவருடைய திருநாளை இன்றைக்கும் அக்டோபர் 15 அன்று கொண்டாடுகிறார்கள்.

பத்து நாளை வெட்டியது பழைய பாக்கியைத் தீர்த்ததோடு சரி. இனிமேல் பாக்கி சேராமல் இருக்க என்ன வழி? திருத்தத்தின் உண்மையான அழகு அங்கேதான் இருக்கிறது. இரண்டு பூஜ்யத்தில் முடியும் வருடங்களில், 400-ஆல் வகுபடுபவை மட்டும் லீப் வருடம். 1600, 2000 லீப். 1700, 1800, 1900 இல்லை; வரப்போகிற 2100-ம் இல்லை. 400 வருடத்தில் மூன்றே மூன்று நாளைக் கழித்ததில், வருடத்துக்கு 11 நிமிடமாக இருந்த பிழை சுமார் 27 வினாடியாகச் சுருங்கிவிட்டது. ஒரு முழு நாள் பிழை சேர 3,000 வருடத்துக்கு மேல் ஆகும். தொலைநோக்கி வருவதற்கு முன்பே இதைச் செய்து முடித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைந்துவிடுகிறது.

எல்லா நாடும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. போப் சொன்னதை நாம் ஏன் கேட்க வேண்டும் என்று இங்கிலாந்து 170 வருடம் பழைய கணக்கிலேயே இருந்தது. ரஷ்யா 1918 வரை இருந்தது. அதற்குள் 1700, 1800, 1900 மூன்றும் பழைய கணக்கில் லீப் வருடமாகப் போனதால், 10 நாள் வித்தியாசம் 13 ஆகிவிட்டது. அப்போதைய ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராடில் புரட்சி வெடித்தபோது அங்கே அக்டோபர் 25, புதிய கணக்குக்கு மாறிய நாடுகளில் நவம்பர் 7. புரட்சிக்குப் பிறகு வந்த அரசு, 1918 ஜனவரி 31-க்கு அடுத்த நாளைப் பிப்ரவரி 14 ஆக்கியது. பேர் மட்டும் அக்டோபரிலேயே தங்கிவிட்டது.

கொலம்பஸ் கரை கண்ட 1492 அக்டோபர் 12-ம் பழைய கணக்குதான், இன்றைய கணக்கில் அது அக்டோபர் 21. ஸ்புட்னிக்கில் வேறொரு நுணுக்கம். 1957 அக்டோபர் 4, மாஸ்கோ நேரம் இரவு 10:28-க்கு அது கிளம்பியது. அந்த நொடியில் சென்னைக் கடிகாரத்தில் 12:58. நமக்கு அக்டோபர் 5 பிறந்து ஒரு மணி நேரம் ஆகப்போகிறது.

இதெல்லாம் எங்கேயோ ஐரோப்பாவில் நடந்த விவகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். 1740-களில் சென்னப்பட்டணத்தில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். பிரான்ஸ் 1582-லேயே மாறிவிட்டது, இங்கிலாந்து மாறவில்லை. நடுவில் 150 கிலோமீட்டர் தூரம், பதினோரு நாள் வித்தியாசம். புதுச்சேரியில் 20-ஆம் தேதி எழுதிய கடிதம் மூன்று நாளில் வந்தால், கோட்டையில் அதைப் பிரிக்கும் நாள் 12-ஆம் தேதி. எழுதுவதற்கு முன்பே வந்து சேர்ந்த கடிதம்! 1746-ல் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்ததற்குச் செப்டம்பர் 10 என்றும் 21 என்றும் இரண்டு தேதி புழங்குவது இதனால்தான். அதே ஆண்டுகளில் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருடம், மாதம், தேதியையும் சேர்த்தே குறித்தார். பிற்காலத்தில் தேதி பார்க்க வருகிறவர்களுக்கு அது எத்தனை பெரிய உதவி!

கடைசியில் இங்கிலாந்தும் இறங்கி வந்தது. 1752 செப்டம்பர் 2, புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14, வியாழன். ஆசியாவில் இருந்த பிரிட்டிஷ் இடங்களையும் சேர்த்தே சட்டம் போட்டார்கள். சென்னை தினமாக நாம் கொண்டாடும் 1639 ஆகஸ்ட் 22, கம்பெனிக்காரர்களின் பழைய கணக்கில் வந்த தேதி. இன்றைய கணக்கில் அது செப்டம்பர் 1. அதற்காகக் கொண்டாட்டத்தை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை, தெரிந்து கொண்டாடலாம்.

சரி, தமிழ்த் தேதிக்கு இந்த நழுவல் இல்லையா? இருக்கிறது, வேறு திசையில். கிரிகோரியின் கணக்கு பருவத்தைப் பிடித்துக்கொண்டது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டது: பின்னால் நிற்கும் நட்சத்திரக் கூட்டத்தை வைத்து, சூரியன் மேஷ ராசிக்குள் நுழைந்தால் சித்திரை, மகரத்தில் நுழைந்தால் தை. ஆனால் பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவதுபோல, சுமார் 26,000 வருடத்துக்கு ஒரு சுற்று மெதுவாகத் தலையாட்டுகிறது. அதனால் நட்சத்திர வருடம் பருவ வருடத்தைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்தின் வருடம் 365 நாள் 6 மணி 12½ நிமிடம். அதை வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 60 வருடத்துக்கு ஒரு நாள் பொங்கல் பின்னால் தள்ளிப் போகும்.

கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வரும். 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கியிருந்தார். அவர் பிறந்தது 1863 ஜனவரி 12, மகர சங்கராந்தி அன்று. இப்போது அந்தச் சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15-க்கு வந்துவிட்டது. உத்தராயணம் பிறந்தது என்று தை முதல் நாளில் சொல்கிறோம், சூரியனோ டிசம்பர் 21, 22-லேயே வடக்கே திரும்பிவிடுகிறது.

தேதி இப்படி ஆளுக்கொன்றாக இருந்தால், பழைய கிரகணங்களை எப்படிக் கணக்கிடுவது? நம்மூர் பஞ்சாங்கக்காரர்கள் மாதத்தையும் வருடத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, கலியுகம் பிறந்ததிலிருந்து இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று வெறும் நாளை எண்ணினார்கள். நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகத்தின் பொறுப்பில் முன்பு இருந்த ஜான் வாரன், 1825-ல் மதராஸில் அச்சான தன் நூலில் ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார். புதுச்சேரியில் வசித்த தமிழ் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே சோழிகளைக் கூட்டியும் கழித்தும், அந்த வருடத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. ஆரம்ப நேரத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. சோழியை வைத்து இந்த நெருக்கம்!

ஐரோப்பாவிலும் இதே வழிக்கு வந்தார்கள். 1583-ல் ஜோசப் ஸ்காலிஜர் என்ற அறிஞர் கி.மு. 4713-ல் தொடங்கும் நீண்ட வருடச் சுற்று ஒன்றை வகுத்தார்; அதை நாள் எண்ணிக்கையாக மாற்றியது 19-ஆம் நூற்றாண்டில். கி.மு. 4713 ஜனவரி 1-ஐ பூஜ்யமாக வைத்துத் தொடர்ச்சியாக எண்ணும் அந்த நாள் எண்ணைத்தான் வானியலாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். மகள் சார்ட்டின் மூலையில் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள். புரட்சிக்கு இரண்டு தேதியையும் எழுதிய அப்புறம், அந்த இடத்தில் இதை எழுதினாள்: 1582 அக்டோபர் 4-இன் நாள் எண் 22,99,160. அக்டோபர் 15-இன் நாள் எண் 22,99,161.