ஆமை முதுகின் மேடுகள்

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றிலிருந்து ஒரு தாயும் மகனும் சப்பாத்துப் பெட்டியில் நட்சத்திர ஆமை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மன்னாரிலுள்ள உறவினர் மூன்று வருடங்களுக்கு முன் குஞ்சாகக் கொடுத்ததாம். "இரண்டு கிழமையாகச் சாப்பிடுவதில்லை டொக்டர். ஆனால் ஓடு வடிவாக வளர்ந்திருக்கிறது, நட்சத்திரங்கள் எப்படி எழும்பி நிற்கின்றன பாருங்கள்" என்றார் தாய்.

நான் பின்காலுக்கு மேலே ஓட்டின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்தினேன். கடதாசி மட்டைபோல வளைந்தது. பிறந்து சில மாதமே ஆன குஞ்சில் அந்த நெகிழ்வு இயல்பு. மூன்று வயதில் அது எலும்பு நோய். ஆமைக்கு ஓடு கழற்றிப் போடும் சட்டையல்ல. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அதனோடு ஒன்றியவை.

உணவு பாணும் தக்காளியும். இடம் கண்ணாடி யன்னலோரம். "நல்ல வெயில் படும்" என்றார்கள். வெளிச்சம் படும்தான், வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். அந்த வைட்டமின் இல்லாவிட்டால் தின்னும் கல்சியமும் எலும்பில் சேராது.

தாய் காட்டிய, எழும்பி நிற்கும் அந்த மேடுகள் காட்டு நட்சத்திர ஆமைகளுக்கும் ஓரளவு உண்டு. ஆகவே மேட்டை மட்டும் பார்த்து நோய் என்பதும் பிழை, அழகு என்பதும் பிழை. புரதம் கூடினால் மேடு வரும் என்று முன்பு எல்லோரும் சொல்வோம். ஆபிரிக்க ஆமைக் குஞ்சுகளை வைத்து நடந்த ஆய்வொன்று, காற்றின் வறட்சியே அதைவிடப் பெரிய காரணம் என்று 2003-இல் காட்டியது. கொழும்பில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஆனால் இந்த ஆமை இரவில் உறங்கியது ஏ.சி. அறையில். எழும்பிய மேடு இனித் தணியாது. புதிதாக வளரும் ஓரங்களைத்தான் சீராக்கலாம்.

நலமான ஆமை கையில் கல்லாகக் கனக்கும். காலைப் பிடித்தால் வெடுக்கென்று இழுக்கும். கண் வீங்கினாலோ மூக்கில் குமிழி வந்தாலோ நாள் கடத்தாதீர்கள். சமையலறைத் தராசில் அடிக்கடி நிறுத்து எழுதி வையுங்கள்.

இன்னொன்றையும் சொன்னேன், தாயின் முகம் மாறியது. நட்சத்திர ஆமை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, வீட்டில் வைத்திருக்க முடியாது. பயந்துபோய்ப் பற்றைக்குள் விட்டுவிடவும் கூடாது. நோயோடு விட்டால் அது சாகும், மற்றவற்றுக்கும் தொற்றலாம். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அவரே தொலைபேசியில் அறிவித்தார்.

அதிகாரிகள் வந்தபோது சிறுவன் பெட்டியோடு தன் கொப்பியையும் நீட்டினானாம். அதில் மூன்று நாள் எடை இருந்தது: 412, 409, 415 கிராம்.