சொல் விளக்கம்: மயோஸ்டாட்டின்

குதிகாலை உயர்த்தி நின்றால் முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம் ஒரு சதை திரண்டு எழும். அதைக் கெண்டைச்சதை என்கிறோம். கெண்டை மீன்போல் இருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். கிரேக்கர்களோ தசையில் எலியைக் கண்டார்கள். அவர்கள் மொழியில் 'மூஸ்' என்றால் எலி. தசைக்கும் அதே சொல்தான். மயோஸ்டாட்டினில் உள்ள 'மயோ' அந்த எலியே. 'ஸ்டாட்' நிற்றல், நிறுத்தல் என்ற பொருளுடைய வேர்.

1997-ல் மெக்ஃபெரான், லாலர், லீ ஆகிய மூன்று ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஜிடிஎஃப்-8 என்ற புரதத்தின் மரபணுவைச் சுண்டெலிகளில் செயலிழக்கச் செய்தார்கள். தசைகள் இரண்டு, மூன்று மடங்கு எடைக்குப் பெருத்தன. அந்தப் புரதத்தின் வேலை தசை அளவுக்கு மீறி வளராமல் பிடித்து வைப்பது என்பது அப்போது தெளிவானது. அதற்குத்தான் மயோஸ்டாட்டின் என்று பெயரிட்டார்கள்.

முதிர்ந்த நிலையில் இதன் சங்கிலியில் 109 அமினோ அமிலங்கள். மனிதர், எலி, பன்றி, கோழி, வான்கோழி என எதில் எடுத்துப் பார்த்தாலும் அந்த வரிசை ஒன்றே. மீனில் சில இடங்கள் மட்டும் வேறு. இத்தகைய புரதத்தைப் 'பாதுகாக்கப்பட்ட புரதம்' என்று மொழிபெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. யாரோ பூட்டி வைத்ததுபோல் ஒலிக்கிறது. 'வழிவழி மாறாப் புரதம்' என்றால் பொருள் நேராக விளங்கும்.

மீனில்தான் இதன் கதை விரிகிறது. நம் தசையில் உள்ள நார்களின் எண்ணிக்கை பிறப்பையொட்டி ஏறக்குறைய முடிவாகிவிடும். பிறகு இருக்கும் நார்கள் தடிக்கின்றன. பல மீன்களிலோ முட்டையிலிருந்து வெளிவந்த பின்னும் நெடுநாள் புதிய நார்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். வெந்த மீன் துண்டை விரலால் அழுத்தினால் மடல் மடலாகப் பிரிகிறதே, ஒவ்வொரு மடலும் அப்படி நார் சேர்ந்து வளர்ந்த தசைக்கட்டு. பெரும்பாலான மீன்களின் முன்னோரில் மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டித்ததால் மயோஸ்டாட்டின் மரபணுவும் இரண்டானது. சால்மன் இனத்தில் மீண்டும் ஓர் இரட்டிப்பு நிகழ்ந்தது. ஜப்பானில் செந்நிறக் கடல்மீனான மதாயில் இந்த மரபணுவை முடக்கி, உண்ணும் பகுதி சராசரியாக 1.2 மடங்கான மீனை 2021-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'தசைநிறுத்தி' சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் இந்தப் புரதம் வளர்ச்சியை நிறுத்துவதில்லை, அளவோடு வைக்கிறது. 'தசையடக்கி' என்றால் தசையைத் தளர்த்தும் மருந்தோ என்ற குழப்பம் வரும். 'தசைவளர்ச்சித் தடுப்பான்' தெளிவானதுதான். நீளம் அதிகம், தடுப்பது என்ற பொருளும் மிகை. மட்டுறுத்தல் என்ற சொல் இணையத்தில் நமக்குப் பழகிவிட்டது. அதனால் நான் 'தசைமட்டுறுத்தி' என்றே எழுதுகிறேன்.

சொற்றொடரில்: கெண்டை மீனில் தசைமட்டுறுத்தி மரபணுவை முடக்கிய ஆய்வு 2016-ல் வெளியானது, அந்த மீன்களில் தசைச் செல்கள் பெருகியிருந்தன.